அதுக்கு முன்ன?

சென்னையில் சென்னைக்காரர் ஒருவர்கூடக் கிடையாது என்பது எங்கள் ஆபீசில் வேலை பார்த்த அக்காவின் கட்சி. யாராவது தன் ஊரைச் சொன்னால் மரியாதையாகத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேச மாட்டார். பிறகு பேனா மூடியைக் கடித்துக்கொண்டே, "சரி, அதுக்கு முன்ன?" என்பார். இந்தக் கேள்விக்குத் தப்பிய ஆள் நான் அறிந்து யாருமில்லை. நான் நாலு மாதம் தப்பிக்கப் பார்த்தேன். அக்காவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுநடுவே என் யோக்கியதையும் தலைகாட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அதை வைத்தே இன்ன ஆள் என்று நீங்கள் முடிவு கட்டிவிடுவீர்கள். ஜோலார்பேட்டையிலிருந்து விடியற்காலையில் சென்னைக்குக் கிளம்பும் வண்டியில் அவரோடு தினமும் போய்வந்த பெண்களுக்கே அந்தக் குழப்பம் தீரவில்லை. வாணியம்பாடியில் ஏறும் உருது பேசும் அம்மாக்கள் அவரைத் தங்கள் ஆள் என்று நினைத்தார்கள். குடியாத்தத்தில் ஏறும் தெலுங்கு டீச்சரும் அப்படியே நினைத்துக்கொண்டு, சாயங்காலம் திரும்பும் வண்டியில் அவருக்காக ஜன்னலோரம் இடம் போட்டு வைப்பார். அக்கா இரண்டு பக்கமும் அந்தந்த பாஷையில் பேசிக்கொண்டே நடுவில் உட்கார்ந்து பட்டாணி உரிப்பார். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபது வருடம் தையல் மிஷினில் இருந்தவர். ஊசி முனை கண்ணுக்கு இரண்டாகத் தெரிய ஆரம்பித்ததும் நின்றுவிட்டார். யாரோ ரயிலில் சொல்லித்தான் எங்கள் கம்பெனிக்கு வந்தார்.

எங்கள் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது. சர்வே எடுக்கும் கம்பெனி. சென்னையில் எந்தெந்த ஊர்க்காரர்கள், எந்தெந்த பாஷைக்காரர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டுத் தரும் வேலை அப்போது வந்திருந்தது. களத்துக்குப் போகும் பத்துப் பேருக்கு நான் சூப்பர்வைசர். சென்னையைக் கரைத்துக் குடித்த ஆள் என்று என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள்.

அது நடந்த விதம் இப்படி. நேர்காணலில் மேனேஜர் சொந்த ஊர் எது என்று கேட்டார். ஆம்பூர் என்றுதான் சொன்னேன். தொண்டை வறண்டிருந்ததில் முதல் எழுத்து உள்ளேயே நின்றுவிட்டது. 'ம்பூர்' மட்டும் வெளியே வந்தது. "ஓ, பெரம்பூரா? நல்லதாப் போச்சு, சென்னை ஆளாத்தான் தேடிட்டிருந்தோம்" என்று அவர் எழுதிக்கொண்டார். நான் பொய் சொல்லவில்லை. திருத்தவில்லை, அவ்வளவுதான். எழும்பூர் என்று அவர் காதில் விழுந்திருந்தால் எழும்பூர்க்காரனாகவும் ஆகியிருப்பேன். அதன் பிறகு யார் கேட்டாலும் முதல் எழுத்தை விழுங்கியே பழகினேன்.

ஆம்பூர் என்று சொல்ல என்ன வெட்கம் என்று கேட்பீர்கள். கல்லூரி விடுதியில் என் பெட்டியைத் திறந்த ஒருவன், தோல் நாற்றம் அடிக்குது என்றான். உள்ளே இருந்தது என் அம்மா கட்டிக் கொடுத்த ஊறுகாய். ஆனாலும் அந்த வார்த்தை என்னோடு தங்கிவிட்டது. ஒருமுறை ஆபீஸ் வேனில் எல்லோரும் பெங்களூர் போனோம். ஆம்பூரைத் தாண்டும்போது தோல் தொழிற்சாலை வாடைக்கு எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். நானும் பொத்தினேன், எல்லோருக்கும் அரை நிமிடம் முன்னதாகவே. வாடை எந்தத் திருப்பத்தில் ஆரம்பிக்கும் என்பது எனக்குத் தெரியுமே. உனக்கு மூக்கு ரொம்ப ஷார்ப் என்று மேனேஜர் பாராட்டினார். வேன் என் வீட்டுக்குப் போகும் தெருமுனையைத் தாண்டும்வரை நான் கையை எடுக்கவில்லை. உள்ளே என் மனைவி அப்போது எனக்குப் பிடித்த குழம்பு வைத்துக்கொண்டிருந்திருப்பாள்.

வீடு ஆம்பூரிலேயே இருந்ததால் தினமும் ரயில்தான். சென்ட்ரல்வரை போகாமல் பெரம்பூரில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து ஆபீஸ் போவேன். யாராவது பார்த்தால் பெரம்பூரிலிருந்து வருகிற மாதிரி இருக்க வேண்டும் அல்லவா. இதனால் தினமும் கால் மணி நேரம் தாமதம். பக்கத்திலிருந்து வருகிறவன்தான் எப்போதும் லேட்டாக வருவான் என்று ஆபீசில் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

இந்த லட்சணத்தில் இருந்தபோதுதான் பயிற்சி நாளன்று அக்கா வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

பதில்களைப் பதிய ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்திருந்தோம். அந்த டேப்பில் பாஷைக்கு ஏழு கட்டம் இருந்தது. தமிழ், தெலுங்கு, உருது, மலையாளம், கன்னடம், இந்தி, கடைசியில் மற்றவை. ஒரு வீட்டுக்கு ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது, ஒரு கட்டத்தைத்தான் தொட வேண்டும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அக்கா கையைத் தூக்கினார்.

"சார், சண்ட போட ஒரு பாஷ, கொழந்தய கொஞ்ச ஒரு பாஷன்னு இருந்தா?"

எது ஜாஸ்தியோ அதைத் தொடுங்கள் என்றேன். எது ஜாஸ்தி என்பது வீட்டைப் பொறுத்தது என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். கோபத்தைக் காட்டிக்கொள்ளாமல் வரிசைக்கு நடுவே நடந்தேன். அக்காவின் மடியில் ஒரு தோல் பை இருந்தது. ஷூ கம்பெனியில் கழித்துப் போட்ட துண்டுகளை வைத்து அவரே தைத்த பை. நல்ல சரக்கு. என்னை அறியாமல் கை போய்விட்டது. விளிம்பில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். உள்பக்கத்தைத் திருப்பினேன். மூக்கருகில் கொண்டு போனேன். பெரம்பூரில் யாரும் பிறத்தியார் பையை முகர்ந்து பார்ப்பதில்லை என்பது பையைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

அக்கா என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார் எந்த ஊரு?" என்றார்.

"பெரம்பூர்."

அவர் முகம் ஒரு நொடி மலர்ந்தது. "பெரம்பூர்ல எங்க சார்?"

எனக்குத் தெரிந்த ஒரே இடத்தைச் சொன்னேன். "ஸ்டேஷன் பக்கம்."

"அதுக்கு முன்ன?"

"அதுக்கு முன்னாடியும் ஸ்டேஷன் பக்கம்தான்."

சரி சார் என்று சொல்லி டேப்பைப் பார்க்கக் குனிந்துகொண்டார். மறுநாள் விடியற்காலையில் ஆம்பூர் பிளாட்பாரத்தில் அதே தோல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்.

நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அந்தத் தூண் என்னைவிட ஒல்லி. வயிற்றை எக்கிக்கொண்டு, பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்து, வண்டி வந்ததும் கடைசிப் பெட்டிக்கு ஓடினேன். நாலு மாதமும் இதே கூத்துதான். அக்கா ஒருநாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. நான் சாமர்த்தியமாக ஒளிகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். டீ விற்பவர் மட்டும் ஒருநாள், இன்னா சார், கடன்காரனா என்று கேட்டார்.

வேலையில் அக்கா எனக்குப் பெரிய பேஜார். மற்றவர்கள் ஆறு நிமிடத்தில் முடிக்கும் வீட்டில் அவர் முக்கால் மணி நேரம் இருப்பார். ஊர் கேட்பதில் நம்மூரில் ஒரு சங்கடம் உண்டு. சுற்றி வளைத்துச் சாதிக்கு வருகிறார்களோ என்று எதிராளி உஷாராவார். யாராவது அதைச் சொல்ல வாயெடுத்தாலே அக்கா கையைக் காட்டி நிறுத்திவிடுவார். "அது எனக்கு வாணாம். வண்டி எங்க ஏறுனீங்க, அத மட்டும் சொல்லுங்க" என்பார். இதைக் கேட்டதும் ஆட்கள் இளகிப்போய் நாற்காலி எடுத்துப் போடுவதை நானே கூடப் போய்ப் பார்த்திருக்கிறேன்.

ஜார்ஜ் டவுனில் ஒரு வீடு. பெரியவர் ஒருவர் வாசலிலேயே நிறுத்தி, நாங்கள் அசல் மெட்ராஸ், ஏழு தலைமுறை, எழுதிக்கொள் என்றார். அக்கா பணிவாக அதற்கு முன்னால் எங்கே என்று கேட்டார். ஏழுக்கு முன்னால் என்ன இருக்கும் என்று பெரியவர் எகிறினார். சமையலறையிலிருந்து அவர் மனைவி தெலுங்கில் நெல்லூர் என்று ஒரே வார்த்தை சொன்னார். ஏழு தலைமுறையும் அதோடு சரிந்தது. பெரியவர் உள்ளே திரும்பி முறைத்தார். ஆனால் அடுத்த அரை மணி நேரம் நெல்லூர்க் கதையைச் சொன்னது அவர்தான்.

இன்னொரு நாள் ஒரு ஓட்டலின் சமையல்கட்டு. அங்கேயே தங்கி வேலை செய்பவர்கள் ஆறு பேர். எல்லாம் இந்திக்காரங்கதாம்மா, போட்டுக்கோ என்று முதலாளி சொல்லிவிட்டார். அக்கா அப்படிப் போட்டுக்கொள்ளவில்லை. அவர்களோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே தன் ஆம்பூர் உருதுவில் பேச்சுக் கொடுத்திருக்கிறார். வேண்டாம் என்பதற்கு இவர் 'நக்கோ' என்றதும் அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அரை மணி கழித்து எனக்கு போன் வந்தது.

"சார், போடோன்னு ஒரு பாஷ. இதுல எங்க இருக்குது?"

"அசாம் பக்கமா? மற்றவைல போடுங்க."

"நேபாளி?"

"மற்றவை."

"ஒருத்தரு ஒடிசா மலைல இருந்து வந்தவரு. அவரு வீட்ல பேசறதுக்கு நம்ம பேச்சுன்னுதான் பேராம். அது?"

"அதுவும் மற்றவைதாங்க்கா."

போனில் பின்னால் அடுப்பு சீறுவது கேட்டது.

"இவங்க ஒருத்தர் பாஷ ஒருத்தருக்குத் தெரியாது சார். எல்லாத்தையும் ஒரே கட்டத்துல போட்டா எப்படிப் பேசிக்குவாங்க?"

டேப்புக்குள்ளே யாரும் பேசிக்கொள்ள வேண்டியதில்லை என்று எரிந்து விழுந்தேன். அன்றுமுதல் அக்கா ஒரு நீள நோட்டு வாங்கிக்கொண்டார். பயிற்சி நாளிலிருந்து நினைவில் இருந்ததையும் சேர்த்து, கட்டத்தில் அடங்காததெல்லாம் அதில் போனது.

மேனேஜரையும் அவர் விடவில்லை. டீ நேரத்தில் சாதாரணமாகத்தான் கேட்டார். மேனேஜர் மயிலாப்பூர் என்றார். அதற்கு முன் கும்பகோணம். அதற்கு முன் தஞ்சாவூர். இன்னும் ஒரு முறை கேட்டதும் மேனேஜர் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு, தன் அம்மா இன்றைக்கும் வீட்டில் மராத்திதான் பேசுவார் என்றும், தனக்குப் புரியும், பதில் சொல்ல மட்டும் வராது என்றும் சொன்னார். ஒன்பது வருடமாக அவரோடு இருக்கும் அக்கவுண்டன்டுக்கே அது புதுச்செய்தி. மேனேஜர் அதன் பிறகு அக்கா இருக்கும் நேரத்தில் டீ குடிக்க வருவதில்லை. அவர் பயம் எனக்குப் புரிந்தது. எனக்கு அது தினமும் மூன்று மணி நேர ரயில் பயணமாக இருந்தது.

பிறகு ஒருநாள் என் தலையில் இடி விழுந்தது. அடுத்த வாரத் தெருக்கள் பெரம்பூரில் என்று பட்டியல் வந்தது. உன் ஏரியா, நீயே கூட்டிக்கொண்டு போ என்றார் மேனேஜர். முந்தின நாளெல்லாம் போனில் வரைபடத்தை மனப்பாடம் செய்தேன். காலையில் ஸ்டேஷன் வாசலில் பத்துப் பேரும் என் முகத்தைப் பார்த்து நின்றார்கள். சொந்த ஊரில் நடக்கிற தோரணையில் வேகமாக நடந்தேன். இரண்டு திருப்பம் சரியாக வந்தது. மூன்றாவது திருப்பத்தில் ஒரு மதில் சுவர் குறுக்கே நின்றது. போனை எடுத்துப் பார்க்கவும் முடியாது. சுவரின் தரத்தைச் சோதிப்பவன் மாதிரி தட்டிக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்து வாசலில் கவுன் போட்ட ஒரு பாட்டியம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். யாரைத் தேடுறீங்க என்றார். கூட வந்த பெண் ஒருத்தி பெருமையாக, சார் இந்த ஊர்தான் என்று சொல்லி வைத்தாள். அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். என் வாயில் ஒரு தெருப் பெயரும் வரவில்லை. மனப்பாடம் செய்த வரைபடம் முழுதும் அழிந்துபோனது. வேலை போனது, இன்றோடு சரி என்று நினைத்தேன்.

"அவரு ஸ்டேஷன் பக்கம்மா," என்றார் அக்கா. "டெய்லி காலைல ஸ்டேஷன்லதான் பாக்கலாம்."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அக்கா என் பக்கம் திரும்பாமலே, இப்படி வாங்க சார், இந்தச் சந்து அந்தப் பக்கம் தெறக்கும் என்று சொல்லி முன்னால் நடந்தார். சந்து திறந்தது. அதற்கடுத்ததும் திறந்தது. அன்று முழுக்க அவர் முன்னால் போக, நான் காட்டிக்கொடுக்கிற பாவனையில் பின்னால் போனேன். இந்த அம்மாவுக்கு வழி மோப்பம் பிடிக்கிற திறமை இருக்கிறது என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். மெச்சினதோடு நிறுத்திக்கொண்ட என் புத்தியை என்ன சொல்வது.

மத்தியானம் பச்சை கேட் போட்ட ஒரு சின்ன வீட்டுக்கு வந்தோம். அக்கா எதிர்ப்பக்கம் நிழலில் நின்றுவிட்டார். "இந்த வீட்ட மட்டும் நீங்க கேளுங்க சார்" என்றார். ஒரு வீட்டையும் விட்டுக் கொடுக்காதவர் இப்படிச் சொல்கிறாரே, கால் வலி போல என்று நினைத்து நானே போனேன். கதவைத் திறந்த பெண்மணி உள்ளே யாருடனோ இந்தியில் பேசினார். எந்த ஊர் என்றேன். சென்னைதான் என்றார். சென்னை, இந்தி, முடிந்தது. மூன்று நிமிடத்தில் வெளியே வந்து, என் வேகத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று டேப்பை அக்காவிடம் காட்டினேன்.

"யாரு சார் இருக்காங்க?"

"இந்திக்காரங்க."

"அதுக்கு முன்ன எந்த ஊராம்?"

"கேக்கல."

அவர் என்னிடம் முகம் கடுத்தது அந்த ஒருமுறைதான். "கேட்டிருக்கலாம் சார்" என்று சொல்லி அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

மாதக் கடைசியில் மேனேஜர் கூப்பிட்டார். அக்கா கொண்டுவந்ததில் மற்றவை குவிந்து கிடந்தது. இதை வாடிக்கையாளரிடம் கொடுத்தால் சிரிப்பான் என்றார். எல்லாவற்றையும் ஏதாவது ஒரு கட்டத்துக்குத் தள்ளிவிடு, அந்த அம்மா வேலை சரியில்லை என்று ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடு என்றார். நான் யோசிப்பதாகக் காட்டிக்கொள்ள ஒரு நிமிடம் ஜன்னலைப் பார்த்தேன். உண்மையில் யோசிக்க எதுவுமில்லை. அக்கா போனால் தூணுக்குப் பின்னால் நிற்கும் வேலையும் போகும். என்னைச் சுவருக்கு முன்னால் காப்பாற்றியவரை நான் இந்தக் காரணத்துக்காகத்தான் அனுப்பினேன். வேறு எந்தக் காரணம் சொன்னாலும் அது பொய்.

நேரில் சொல்லத் தைரியம் இல்லை. நாளைமுதல் வர வேண்டாம் என்று போனில் செய்தி அனுப்பினேன். கூடவே ஒரு கும்பிடு படமும் சேர்த்தேன். சரி சார் என்று பதில் வந்தது. அன்று சனிக்கிழமை. மத்தியானம் முழுக்க உட்கார்ந்து போடோக்காரரை இந்தியாக்கினேன். அதே வேகத்தில் தெலுங்குக் கட்டத்தில் இருந்த நெல்லூர்ப் பெரியவரையும் தமிழாக்கினேன். 'நம்ம பேச்சு' என்றவரை எங்கே தள்ளினேன் என்று நினைவில்லை. அறிக்கை கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. திங்கட்கிழமை பிளாட்பாரத்தில் தூணை விட்டு வெளியே வந்து தாராளமாக நின்றேன். அந்த இடம் நன்றாகவே இல்லை.

மூன்று வாரத்தில் வாடிக்கையாளர் அறிக்கையைத் திருப்பி அடித்தார். தமிழும் இந்தியும் இருப்பது எங்களுக்கே தெரியும், மற்றவை யார் என்று கண்டுபிடிக்கத்தானே உங்களைக் கூப்பிட்டோம் என்று கேட்டிருந்தார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, அந்த அம்மா ஒரு நோட்டு வைத்திருந்தார்களே என்றார். முகவரியை எடுத்துக் கொடுத்து, ஆம்பூர் போய்க் கேட்டு வாங்கிவரச் சொன்னார். நான் சென்னைப் பிள்ளை, வெளியூர் பழக்கமில்லாதவன் என்பதால் வழியும் சொன்னார்.

"சென்ட்ரல்ல ஏறிடு. காட்பாடி தாண்டினதும் ரெடியா நில்லு, ரெண்டு நிமிஷம்தான் நிக்கும். கர்சீப் எடுத்துக்கோ. அப்புறம், பிரியாணிக்குக் கத்திரிக்காய் வைப்பாங்க, பயந்துடாத."

நான் பேனாவை எடுத்து அதைக் குறித்துக்கொண்டேன். கத்திரிக்காய் என்றுகூட எழுதினேன்.

அக்கா வீடு என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். வாசலில் என்னைப் பார்த்ததும் அவர் ஆச்சரியப்படவில்லை. ரயில்ல வந்தீங்களா சார் என்று கேட்டார். ஆமாம் என்றேன். மூணு மணி நேரம் ஆயிருக்குமே, களைப்பா இருப்பீங்க என்று சொல்லி மின்விசிறியை என் பக்கம் திருப்பி, ஒரு செம்பு தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். பயணக் களைப்போடு அதைக் குடித்தேன். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. அது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

வந்த காரியத்தைச் சொன்னேன். மறுபடி வேலைக்கு வரச் சொல்கிறார்கள் என்றும் சொன்னேன். அவர் வர மறுத்துவிட்டார். அவருடைய பழைய ஷூ கம்பெனிக்கு இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் பெண்கள் வேலைக்கு வருகிறார்களாம். அவர்கள் விடுதியைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடி, இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நோட்டை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். கடிதத்தைப் பற்றியோ கும்பிடு படத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று, உங்களுக்கு எந்த ஊரு அக்கா என்றேன். நாலு மாதத்தில் அவரை யாரும் இதைக் கேட்டுப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் தோன்றியது.

"ஆம்பூர்தான். கட்டிக் கொடுத்து இங்க வந்தது."

"அதுக்கு முன்ன?" வாயில் தானாக வந்துவிட்டது.

அக்கா புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டார்.

"பெரம்பூர். பச்ச கேட்டு வீடு. பொறந்ததே அங்கதான்."

மின்விசிறி எங்கள் இருவருக்கும் நடுவே சுற்றிக்கொண்டிருந்தது. ஊரில் ஒருவர்கூடக் கிடையாது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த அந்தச் சென்னைக்காரர், சந்து சந்தாக என்னைக் கூட்டிப் போனவர், ஆம்பூரில் என் எதிரே உட்கார்ந்திருந்தார். நான் அவர் ஊரை அவரிடமே என் ஊர் என்று சொல்லி, அதில் வழி தெரியாமல் நின்றவன். தலையைத் தூக்க முடியவில்லை.

"அதுக்கு முன்ன?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"தாத்தா ரயில்வே பட்டறை வேலைக்கு குண்டக்கல்லுலருந்து வந்தாரு. அதுக்கு முன்ன தெரில சார். அவரு இருக்கசொல்ல கேக்கத் தோணல. தோணசொல்ல அவரு இல்ல." பிறகு எழுந்து வெளி வாசல்வரை வந்தார். "பெரம்பூர் போனா அந்த வீட்ல இருக்கறவங்க எந்த ஊர்னு கேளுங்க. நாங்க இருந்த வீட்ல இப்ப யாரு இருக்காங்கன்னு தெரிஞ்சா போதும்."

ரயிலுக்கு நேரமாச்சே, கெளம்புங்க என்று அனுப்பினார். ஸ்டேஷன் பக்கம் நடந்து, தெரு திரும்பியதும் என் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் வண்டியில் நோட்டைத் திறந்தேன். பக்கம் பக்கமாக ஆட்கள். நெல்லூர்ப் பெரியவர், வெங்காயம் உரித்த ஆறு பேர், மேனேஜரின் அம்மா. எல்லோருக்கும் ஏறின இடம், இறங்கின இடம் என்று இரண்டே தலைப்பு. பயிற்சி நாள் தேதி போட்ட முதல் பக்கத்தின் அடியில், வேறு மையில், இப்படி இருந்தது.

'சூப்பர்வைசர் சார். ஏறற இடம் ஆம்பூர், மூணாவது தூண். எறங்கற இடம் பெரம்பூர். கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு. வற்புறுத்தக் கூடாது.'

அதைப் படித்தபோது வண்டி அரக்கோணத்தைத் தாண்டியிருந்தது. பெரம்பூர் வரும்வரை நான் வேறு பக்கத்தைப் புரட்டவில்லை. அழுதேன் என்று சொல்வதில் இனி என்ன வெட்கம்.

பெரம்பூரில் இறங்கி, அன்று பஸ் நிறுத்தத்துக்குப் போகவில்லை. மதில் சுவரில் ஒருமுறை முட்டிக்கொண்டு, திரும்பி, சந்தைக் கண்டுபிடித்து, பச்சை கேட்டைத் தட்டினேன். அதே பெண்மணி வந்தார். டேப்பும் அடையாள அட்டையும் இல்லாமல் நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டேன். அன்னிக்கே சொன்னேனே, சென்னைதான் என்றார்.

"அதுக்கு முன்ன?"

அவர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். திறப்பதா வேண்டாமா என்ற யோசனை அது. பிறகு நல்ல தமிழில், "மொதல்ல நீங்க சொல்லுங்க. நீங்க எந்த ஊரு?" என்றார்.

ஆம்பூர் என்றேன். முதல் எழுத்தையும் சேர்த்து.